பிச்சாத்தி

ஆக்கர்கடை நூகுக்கண்ணு தராசில் தூக்கிப் போட்டான்:
நாலு கிலோ, இருநூறு ரூபாய்.
டிப்பர் லாரியின் பட்டை. நடுவில் ஒடிந்தது.
மலையை உடைத்து எல்லைக்கு அப்பால்
சுமந்துகொண்டு போன வண்டியாம்.
எந்த மலை என்று கேட்டேன்.
"அதெல்லாம் இரும்புக்குத் தெரியுமா அக்கா.
எதுக்கு இது, வெட்டோத்திக்கா?"
பிச்சாத்திக்கு என்றேன்.
என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான்.
சில்லறை இல்லையென்று
பேச்சு நின்றுபோன ஒரு ஸ்பீக்கரைத் தந்தான்.
நல்லதாகப் போயிற்று. காந்தம் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. அருமனையில் பாதிப் பேர் கோயிலில்.
ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினுக்குப் பின்னால்
மூன்று செங்கல், ஒரு சாக்கு சிரட்டைக் கரி,
மகள் தலைமுடி காயவைக்கிற காற்றுக்குழல்
(அவளிடம் சொல்லவில்லை).

பட்டை லேசில் நிமிரவில்லை.
எவ்வளவு பாரம் ஏற்றினாலும்
இறங்கியதும் பழைய வளைவுக்கே திரும்பத்தான்
அதைச் செய்திருக்கிறார்கள்.
சிவக்கச் சிவக்க அடித்தேன்.
தோள்பட்டை மறுநாள் அண்டி ஆபீசில் விட்டுவிட்டு வலித்தது.

முதல் கத்தியை வாளித் தண்ணீரில் முக்கினேன்.
ணிங்.
அவ்வளவுதான்.
முடியளவு கீறல், முதுகிலிருந்து வாய் வரை.
மூன்று ஞாயிறு ஒரு சத்தத்தில் போயிற்று.
ரொம்ப நேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சொன்னேன்,
கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தபோதே.

இரண்டாவதற்குத் தேங்காயெண்ணெய்.
காந்தம் ஒட்டாமல் நழுவும்வரை காத்திருந்து
ஒரே முக்கு.
தீ எழும்பி அடங்கியது.
புகை வேலியைத் தாண்டிப் போயிற்று,
நாலு வருஷமாக யாரும் தாண்டாத வேலி.

"நேந்திரங்காயா?"

மைனியின் குரல்.
அண்ணன் கேஸ் கொடுத்த பிறகு
அந்தப் பக்கமிருந்து வந்த முதல் சொல்.

"இரும்பு" என்றேன்.

அரத்தை வாயில் வைத்து இழுத்தேன். வழுக்கியது.
சரி. ஆனால் இந்தக் கடினம் கண்ணாடியின் கடினம்,
கீழே விழுந்தால் உடையும்.
கேக் அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தேன்.
நிறம் பார்த்து எடுக்க வேண்டும் என்றார்கள்.
நிறம் பார்க்க எனக்கா சொல்லித்தர வேண்டும்?
பத்தொன்பது வருஷமாக மேசையில்
பருப்பைத் தரம் பிரிக்கிற கண் இது.
வெள்ளை, இளமஞ்சள், கருகல்.
கருகலுக்கு ஒரு நொடி முந்தி
ஒரு மஞ்சள் உண்டு, அதற்குப் பெயரில்லை.
அதில் எடுத்தேன்.
அடுப்பில் இன்றைக்கும் எண்ணெய் நாற்றம்.
கிறிஸ்துமஸ் கேக் எப்படி வருமோ.

பிடிக்கு மரம் வேண்டும்.
அதிர்த்தியில் நிற்கிறது அயினி.
அது யாருக்கென்று குழித்துறைக் கோர்ட்
இன்னும் சொல்லவில்லை.
ஒக்கிக் காற்றில் முறிந்த கொம்பு
பாதி அங்கும் பாதி இங்குமாகக் கிடக்கிறது.
சிதல் தோலைத் தின்றுவிட்டு
வைரத்தைத் தொடாமல் போயிருந்தது.
இரவு எட்டரை மணிக்கு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு,
என் பக்கத்திலிருந்து ஒரு சாண் அறுத்தேன்.
என் பக்கம்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மைனி வேலிக்கு வந்தாள்.
கையில் மத்திச் சட்டி.
"இரும்பைப் பொரிச்சியே, காட்டு பாப்போம்."
கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வருமாம்.
கல்லின் மேல் வைத்தேன்.
அவள் சிரித்தாள்: "இனி வர என்ன சண்டை பாக்கி?"
எடுத்தாள். பெருவிரலை வாய்க்குக் குறுக்கே வைத்துப் பார்த்தாள்,
நீளவாக்கில் அல்ல.
தெரிந்தவள்.
பிறகு பிடியைத் திருப்பி மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது அயினியல்லவா."

நான் சட்டியைப் பார்த்தேன்.
மத்திகள் என்னைப் பார்த்தன.

அவள் வேறொன்றும் சொல்லவில்லை.
அங்கேயே குத்தவைத்து ஒரு மீனை அறுத்தாள்,
செதிள் பறந்து என் முட்டில் ஒட்டியது.
"கொள்ளாம்" என்று எழும்பி
கத்தியோடு வீட்டுக்குள் போனாள்.

இன்றோடு பதினொரு நாள்.
அவள் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவில்லை.
ஐப்பசி வாய்தாவுக்கு இன்னும் மூன்று வாரம்.
சாயங்காலம் ஆனால் அங்கே பலகையில்
அறுக்கிற சத்தம் கேட்கிறது.
இப்போது வாய் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது,
சத்தத்திலேயே தெரிகிறது.
தீட்டிக் கொடுக்கணும்.

பட்டையில் ஒன்றரை கிலோ மிச்சம் இருக்கிறது.